அலாரமிஸ்ட் என்றொரு உத்தியோகம்

பயப்படுவதில் எனக்கு நிகர் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. வீட்டில் இத்தனை வருஷமாகச் சொல்லிக் காட்டுவதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான். குக்கர் ஒரு விசில் கூடுதலாக அடித்தால் பயம். மதிய நேரத்தில் காலிங் பெல் அடித்தால் பயம். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்குள் யார் யாருக்கு என்னென்ன ஆகியிருக்கும் என்று மனசு ஒரு சுற்று போய்விட்டு வந்துவிடும். எடுத்தால் பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்பார்கள்.

என் கணவர் மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாங்க. உனக்கு டியூப் லைட் வெளிச்சத்துலயே பேய் தெரியுது" என்பார். சிரித்துக்கொள்வேன். ஆனால் அவருக்கும் தெரியும், இந்தப் பயம் எங்கே பிடித்தது என்று. 2015இல் நாங்கள் முடிச்சூரில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், "தண்ணி உள்ள வந்துடுமா சார்?" என்று வீட்டு ஓனரிடம் கேட்டேன். "இந்தத் தெருவுல தண்ணி நின்னதே கிடையாதும்மா, சும்மா பயப்படாதீங்க" என்றார். அவர் மூன்றாவது மாடியில் இருந்தார். மறுநாள் ஃபிரிட்ஜ் ஹாலில் படுத்துக்கொண்டு மிதந்தது. நானும் என் கணவரும் மொட்டை மாடியில், அதே ஓனர் கொடுத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு, படகு வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து யாராவது 'சும்மா பயப்படாதீங்க' என்றால் எனக்கு அப்போதுதான் பயமே ஆரம்பிக்கும்.

பிறகு பீர்க்கன்கரணையில் இந்த ஃபிளாட்டை வாங்கினோம். இரண்டாவது மாடி. விளம்பரத்தில் 'லேக் வியூ' என்று போட்டிருந்தார்கள். வெள்ளத்துக்குப் பயந்து ஓடி வந்தவள் ஏரியைப் பார்க்கிற பால்கனிக்குக் கடன் வாங்கினேன், என் புத்தியை எந்தச் செருப்பால் அடிப்பது? கட்டிடத்தை ஒட்டி ஒரு காலி மனை. பள்ளமான இடம், மழைக்காலத்தில் குளமாகிவிடும். சுற்றிலும் சீமைக் கருவேலம். பால்கனியிலிருந்து அதுதான் முதலில் தெரியும். ஏரி அதற்கு அப்பால்.

இங்கே வந்த பிறகு நான் ஊரைக் கூட்டிய கதைகள் சில உண்டு. ஒரு நாள் காஸ் லீக் ஆகிறது என்று மூன்று மாடிக்கும் ஓடி எல்லோரையும் வெளியே வரவைத்தேன். கடைசியில் பார்த்தால் எதிர் ஃபிளாட்டில் முள்ளங்கி சாம்பார். இன்னொரு நாள் தூணில் விரிசல் விட்டிருக்கிறது என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அசோசியேஷன் செகரெட்டரி வந்து விரலால் துடைத்தார், விரிசல் விரலோடு வந்துவிட்டது. ஒட்டடை. அவர் நல்ல மனிதர்தான், குறை சொல்லக்கூடாது. பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்குக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே "இட்ஸ் ஓகே மேடம்" என்று மட்டும் சொன்னார்.

மழை தொடங்குவதற்கு முன்னால் பார்க்கிங்கில் ஒரு கூட்டம் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், கொசு, கூடவே டீ. யார் யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று செகரெட்டரி பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, பக்கத்து மனையில் தண்ணீர் நிற்கப் போகிறது, பாம்பு வரும், அந்தப் பக்கம் ஒரு லைட்டாவது போடுங்கள் என்றேன். அது நம்ம இடம் இல்லை என்றார் ஒருவர். ஏரி நிரம்பினால் என்ன செய்வது என்று கேட்டேன். யாரோ பெருமூச்சு விட்டார்கள். செகரெட்டரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "சரி, மோட்டாரை ஃபர்ஸ்ட் ஃப்ளோர் சார் பார்த்துப்பார். லிஃப்டுக்கு தேர்டு ஃப்ளோர் தம்பி. மேடம் நம்ம அலாரமிஸ்ட்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலு பேர் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது நாமும் சேர்ந்து சிரிக்காவிட்டால் இன்னும் அசிங்கம். அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தாம்பரத்தில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை பார்க்கிறேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் 'வித் ரெஃபரன்ஸ் டு' வகை. ஆனால் வசவு எந்த மொழியில் வந்தாலும் காதுக்குத் தெரிந்துவிடும்.

மேலே வந்ததும் போனில் தேடினேன். இல்லாத ஆபத்தை இருப்பதாகச் சொல்லி, அல்லது சின்ன ஆபத்தைப் பெரிதாக்கி, மற்றவர்களைப் பயமுறுத்துகிற ஆள் என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே சாய்வெழுத்தில், குறை சொல்லும் தொனியில் பயன்படும் சொல் என்று ஒரு குறிப்பு. இதைத் தமிழில் ஒரே சொல்லாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பீதி கிளப்புகிறவள் எனலாம், பூச்சாண்டி காட்டுகிறவள் எனலாம். 'ஊரைக் கூட்டாதே' என்று நம் வீடுகளில் அதட்டுவதுதான் பக்கத்தில் வருகிறது. அப்புறம் டிவியில் கவனித்தேன். ஆங்கிலத்தில் பேசுகிற நிபுணர்கள், வயிற்றில் புளியைக் கரைக்கிற ஒரு செய்தியைச் சொல்வதற்கு முன்னால், 'நான் அலாரமிஸ்ட் இல்லை, ஆனால்' என்றுதான் தொடங்குகிறார்கள். அந்தப் பெயர் ஒட்டிவிடக் கூடாது என்று அவர்களுக்கே அவ்வளவு பயம்.

வேரைத் தேடிப் போனால் இத்தாலிக்குக் கொண்டுபோய் விட்டது. 'ஆல் ஆர்மே' என்று அங்கே காவல்காரன் கத்துவானாம். ஆயுதத்துக்குப் போங்கள், எதிரி வந்துவிட்டான் என்று அர்த்தம். அந்தக் கூப்பாடு பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்துக்கு வந்து, கூப்பாட்டைக் கேட்டு வருகிற பயத்துக்குப் பெயராகி, கடைசியில் நம் தலைமாட்டில் கத்துகிற கடிகாரமாகிவிட்டது. பிரெஞ்சு தேசத்தில் ராஜாவின் தலையை எடுத்த காலத்தில், இங்கிலாந்திலும் அதெல்லாம் நடந்துவிடும் என்று நடுங்கியவர்களைக் கேலி செய்யத்தான் அதற்கு 'இஸ்ட்' என்று வாலை ஒட்டினார்களாம். இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட கேலி. அது கப்பலேறிச் சுற்றிச் சுற்றி வந்து பீர்க்கன்கரணை பார்க்கிங்கில் என் தலையில் விழுந்திருக்கிறது. அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பியபோது, கேட் பக்கத்தில் தரைத்தளத்து அக்கா நின்றிருந்தார். எங்கள் கட்டிடம் நிற்கிற நிலம் அவர்கள் குடும்பத்துடையது. முன்பு நெல் விளைந்த பூமி. பில்டருக்குக் கொடுத்துவிட்டுப் பங்குக்கு இரண்டு ஃபிளாட் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காலி மனையும் அவர்களுடையதுதான். அதன் கடைசியில் ஒரு முருங்கையும் கொஞ்சம் அகத்தியும் வைத்திருந்தார். தனி ஆள், கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. விடிந்ததும் குடையோ முக்காடோ போட்டுக்கொண்டு, மதில் ஓரமாகப் போய்க் கீரை பறித்துக்கொண்டு வருவார். மழையானாலும் அது நிற்காது.

"ஏம்மா, உன்னத்தான் அலாரமிஸ்ட்டா போட்டுக்கீறாங்களாமே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்னக்கா?"

"நேத்து மீட்டிங்குல சொன்னாராமே சாரு. மோட்டாருக்கு மொத மாடிக்காரரு, லிஃப்டுக்கு அந்தத் தம்பி, அலாரமிஸ்ட்டு நீ. டைப்பிஸ்ட்டு மாதிரிதான? எதுனா ஆபத்துன்னா நீதான் மொதல்ல சொல்லணும்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் கீழ கீறேம்மா. தண்ணி கிண்ணி வந்தா எனக்குத்தான் மொத சேதி சொல்லணும், ஆமா."

டைப்பிஸ்ட், ரிசப்ஷனிஸ்ட், ஃபார்மசிஸ்ட் எல்லாம் உத்தியோகம் என்றால் அலாரமிஸ்டும் உத்தியோகம்தானே? அக்காவின் கணக்கில் தப்பே இல்லை. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டேன்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் நான் கேட்டுக்குள் நுழையும்போது அக்கா கேட்பார், "இன்னிக்கு இன்னா நெலவரம்?" நானும் சொல்லத் தொடங்கிவிட்டேன். என்ன செய்வது, என் பயத்தைக் காது கொடுத்துக் கேட்க ஊரில் வேறு ஆள் இல்லை. நாளைக்குக் கனமழையாம், துணியை உள்ளே எடுத்துவிடுங்கள் என்றால் எடுத்துவிடுவார். சிலிண்டரை ஸ்டூல் மேல் வைத்துவிடுங்கள் என்றால், ஆள் பிடித்து ஏற்றி வைத்துவிடுவார். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. என் வீட்டில் நான் சொல்லி ஒரு ஜன்னலைக்கூட மூட மாட்டார்கள்.

ஆனால் அக்கா இதை எல்லோரிடமும் சொல்லவும் தொடங்கியிருந்தார். பால்காரரிடம், "அதோ போதே, அதான் எங்க அலாரமிஸ்ட்டு" என்று காட்டினார். லிஃப்டில் வந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். போதும்டா சாமி என்றாகிவிட்டது. இதற்கு அர்த்தம் இதுதான் அக்கா, என்னைக் கிண்டல் பண்ணுவதற்காக வைத்த பெயர், தயவுசெய்து சொல்லாதீர்கள் என்று சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

இரண்டு நாளாக மழை. அன்று சாயங்காலம் நனைந்துகொண்டே வந்து அவர் வாசலில் நின்றேன். "அக்கா, உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த அலாரமிஸ்ட்னு..." என்று தொடங்கினேன்.

"இரு இரு, நான் மொதல்ல சொல்லிக்கிறேன்" என்றார் அக்கா. "எங்க அண்ணன் போன் பண்ணுச்சு. மழ ஜாஸ்தியா கீது, அங்க தனியா இன்னா பண்ற, எங்க வூட்டுக்கு வந்துடுன்னுது. நான் சொல்லிட்டேன், இங்க ஒரு பொண்ண இதுக்குன்னே போட்டுக்கீறாங்க, அது பாத்துக்கும், எனக்கு ஒரு பேஜாரும் இல்லன்னு." சொல்லிவிட்டு, "நீ இன்னா சொல்ல வந்த?" என்றார்.

"ஒண்ணுமில்லக்கா. மழை விடாது போல, அதான்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் கணவர் ஷிப்டுக்குக் கிளம்பிப் போன பிறகு பால்கனிக்கு வந்தேன். மழை தூறலுக்கும் பெருமழைக்கும் நடுவில் பெய்துகொண்டிருந்தது. வெளிச்சம் சாம்பல் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. காலி மனை நிறையத் தண்ணீர், கருவேலம் பாதி முழுகியிருந்தது. மதில் ஓரத்து நடைபாதைக்குப் பக்கத்தில், தண்ணீரில் ஒரு கட்டை கிடந்தது. நேற்று இல்லை. ஏரியிலிருந்து அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்தேன். மணல் குவியல் மேல் தெருநாய் நின்றுகொண்டு அந்தக் கட்டையைப் பார்த்து உறுமியது. காற்று ஒரு பக்கம் அடிக்க, கட்டை மறுபக்கம் நகர்ந்தது.

நம் சுற்றுவட்டார ஏரிகளில் முதலை இருக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சேதிதான். எப்போதாவது மழையில் ரோட்டைக் கடந்ததாக யாராவது வீடியோ போடுவார்கள். ஆனால் அதெல்லாம் போனுக்குள். இது என் பால்கனிக்குக் கீழே.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்த பயத்தில் பாதிதான் முதலையைப் பற்றியது. மீதிப் பாதி அந்த வார்த்தையைப் பற்றியது. போனை எடுத்துக் குழுவில் 'முதலை' என்று அடித்தேன். அழித்தேன். போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். கட்டையாகவே இருந்துவிட்டால்? முள்ளங்கி சாம்பார், ஒட்டடை, இப்போது கட்டை. மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். அனுப்புகிற பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றபோது கீழே கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

அக்கா. ஒரு கையில் குடை, இடுப்பில் எவர்சில்வர் பேசின். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, மதில் ஓரமாக முருங்கையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கட்டை தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. இப்போது எதுவுமே தெரியவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"அக்கா" என்று கத்தினேன். "மொதல. மொதல."

மழைச் சத்தத்தில் அக்கா நின்று அண்ணாந்து பார்த்தார். "இன்னாது?"

"மொதலக்கா, மொதல."

"மொதல்ல இன்னா? சொல்லு" என்றார், தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

கடவுளே, தமிழில் அந்தப் பிராணிக்கு வேறு பெயரே கிடையாதா என்று மனசு அலறியது. நான் மொதல மொதல என்கிறேன், அவர் மொதல்ல இன்னா மொதல்ல இன்னா என்று கேட்கிறார். இதற்குள் முதல் மாடி ஜன்னல் திறந்தது. செகரெட்டரி எட்டிப் பார்த்தார். "மேடம், காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சா? ப்ளீஸ்" என்றார். இன்னொரு ஜன்னலும் திறந்தது. யாரோ சிரித்த மாதிரி இருந்தது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. அக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்காவின் காலுக்குப் பின்னால் தண்ணீர் மெதுவாக விலகியது.

"உள்ள வாங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. என் குரல் மாதிரியே இல்லை.

அக்கா ஏன் என்று கேட்கவில்லை. குடையை மடக்கினார், திரும்பினார், வேகமாக நடந்து கேட்டுக்குள் வந்து தாழ்ப்பாளைப் போட்டார். போட்ட பிறகுதான் அண்ணாந்து, "இப்ப சொல்லு, மொதல்ல இன்னா?" என்றார்.

சற்று முன் அவர் நின்ற இடத்தில் அது ஏறி வந்தது. முதலில் மூக்கு, பிறகு முதுகு, பிறகு முடியவே முடியாத வால். சிமெண்ட் பாதையில் வயிற்றை வைத்துக்கொண்டு வாயைப் பாதி திறந்து படுத்தது. செகரெட்டரியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. நான் பால்கனித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கீழே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நிற்பது தெரிந்தது. அவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போக யாராவது வருவார்கள் என்று பார்த்தேன். எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வனத்துறை ஆட்கள் வந்து, கண்ணை ஈரச் சாக்கால் மூடி, வாயைக் கட்டி, தூக்கிக்கொண்டு போனார்கள். வாட்ஸ்அப் குழுவில் செகரெட்டரி எனக்கு நன்றி தெரிவித்து நீளமாக எழுதினார். சரியான நேரத்தில் மேடம் கொடுத்த 'அலர்ட்' என்று போட்டிருந்தார். அந்தச் சொல்லையும் தேடிப் பார்த்தேன். விடுவேனா? அதுவும் இத்தாலிக்காரன் கூப்பாடுதான், 'ஆல் எர்த்தா', மேட்டில் ஏறிப் பார், காவல் இரு என்று. இரண்டும் ஒரே ஊரில் பிறந்த சொற்கள். முதலை தண்ணீரை விட்டு மேலே வந்தால் அலர்ட், வராவிட்டால் அலாரமிஸ்ட். நான் கத்தியது என்னவோ ஒரே கத்தல்தான்.

சில நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தார். மாடி ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"செக்ரட்ரி சாரு என்னாண்ட வந்து பேசினாருமா. ரொம்ப வருத்தப்பட்டாரு. உன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுன்னாரு. எப்படின்னு கேட்டேன். அப்பத்தான் அர்த்தம் சொன்னாரு" என்றார். "சும்மனாச்சியும் பயமுறுத்தறவளுக்கு அந்தப் பேராமே."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "ஆமாக்கா."

"உனக்குத் தெரியுமா?"

"மீட்டிங் அன்னிக்கே தெரியும். உங்க கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். மொதல வந்ததுக்கு முந்தின நாள் சாயங்காலம் அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க உங்க அண்ணன் போன் பண்ணினதைச் சொன்னீங்க. அப்புறம் எனக்கு வாய் வரல."

வெளியே ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கிற பாட்டு கேட்டது. அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"சொல்லிக்கீந்தீன்னா நான் திரும்பியிருக்க மாட்டேம்மா" என்றார். "அது எப்பவும் அப்படித்தான் கத்தும்னு போய்க்கினே இருந்திருப்பேன்."

குற்றம் சொல்வது மாதிரி இல்லை, நன்றி சொல்வது மாதிரியும் இல்லை. கீரை என்ன விலை என்கிற மாதிரி சொன்னார். பிறகு ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

அன்று ராத்திரி எனக்கு ஜுரம் அடித்தது. முதலையை நினைத்தால் இப்போதெல்லாம் அவ்வளவாகப் பயம் வருவதில்லை. அக்கா வாசலில் நனைந்துகொண்டே போய் நின்று, சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேனே, அந்தச் சாயங்காலத்தை நினைத்தால்தான் பயம் வருகிறது.